பழைய கடல் வரைபடம்: அசலா என்று எப்படிப் பார்ப்பது? லேமினேட் செய்யலாமா?

குளச்சல்காரி:
திருவனந்தபுரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் பிரெஞ்சு மொழியில் அச்சான மலபார் கரை வரைபடம் ஒன்று வாங்கினேன். பெல்லின் என்ற பிரெஞ்சு வரைபடக்காரர் 1764-இல் வெளியிட்ட சிறிய கடல் அட்லஸிலிருந்து பிரித்த தாள் என்றார் கடைக்காரர். குளச்சல் பெயரைப் பார்த்ததும் விட்டுவிட்டு வர மனசில்லை. அசல்தானா? பிரேம் கடையில் லேமினேட் போடச் சொல்கிறார்கள். வீடு கடலுக்குப் பக்கம்.

தக்கலை அண்ணன்:
தங்கச்சி, லேமினேட் மட்டும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் பிரிக்க முடியாது.

தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கையால் செய்த அந்தக் காலத்துத் தாள் என்றால் நெருக்கமாக மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய அங்குலத்துக்கு ஒன்றாகப் பெரிய கோடுகளும் தெரியும். கூழை அள்ளிய சல்லடையின் கம்பித் தடம் அது. அப்புறம் படத்தைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். செப்புத் தகட்டை வைத்து அழுத்தி அச்சடித்ததால் தகட்டின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும். லென்ஸில் மை புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இந்தக் காலத்து ஆப்செட் அச்சு, சந்தேகமே வேண்டாம். அந்த அட்லஸ் தாள்களில் மேல் மூலையில் தொகுதி எண்ணும் பட எண்ணும் இருக்கும், அதையும் பாருங்கள்.

இந்தப் படங்களில் எனக்குத் தீராத ஆசை கரையோரத்தின் மேல்தான். ஊர்ப் பெயர்கள் கரையில் நெருக்கியடித்து நிற்கும், உள்ளே வெறும் தாள். கப்பல்காரனுக்கு வேண்டியது ஆழமும், நங்கூரம் போட இடமும், கடலிலிருந்து தெரியும் மலையும். உள்ளே தள்ளியிருக்கும் கல்குளத்தில் என்ன இருந்தால் அவனுக்கு என்ன? நம்ம திருவிதாங்கூர் உள்நாட்டை ஆங்கிலேய நில அளவையாளர்கள் வார்டும் கானரும் வந்து முறையாக அளந்தது 1816-1820-இல். டச்சுக்காரர்கள் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது 1741-இல். அசல் என்றால் உங்கள் படம் அதற்கு 23 வருஷம் பிந்தியது. அதை நினைத்துக்கொண்டு குளச்சல் எழுத்தைப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

முட்டம் வாசி:
கடலோர வீட்டு அனுபவத்தில் சொல்கிறேன். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறும். கண்ணாடி தாளில் தொடக்கூடாது, நடுவில் மவுண்ட், அதாவது இடைவெளி விடும் அட்டைச் சட்டம் வேண்டும். பின்னால் சாதாரண அட்டை வைத்தால் அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். அமிலமில்லா அட்டை கேளுங்கள். செல்லோடேப் கூடவே கூடாது. இராமபாணப் பூச்சிக்குப் பழைய தாள் என்றால் கொண்டாட்டம், மாதம் ஒருமுறை பின்பக்கம் பாருங்கள்.

குளச்சல்காரி:
கம்பிக் கோடு தெரிகிறது அண்ணா! சுற்றிலும் பள்ளமும் கையில் தட்டுகிறது. மேல் மூலையில் மூன்றாம் தொகுதி என்று போட்டிருக்கிறது. லேமினேட் வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட்டேன். அமிலமில்லா அட்டை நாகர்கோவிலில் கிடைக்குமா, திருவனந்தபுரம் போகணுமா?