312 பேர் பதில் தந்தும் ‘சாம்பிள் சரியில்லை’: எங்கே தவறு?

முதலாண்டு_புள்ளியியல்:
கல்லூரியில் 1200 பேர். விடுதியில் 300, வீட்டிலிருந்து வருவோர் 900. இரவு செல்போன் பயன்பாடும் தூக்க நேரமும்தான் ப்ராஜெக்ட். 95% நம்பிக்கை, 5% பிழை எல்லை (உண்மையான விகிதத்திலிருந்து இவ்வளவு விலகலாம் என்ற வரம்பு) என்று வைத்தால் 385 பேரிடம் கேட்க வேண்டும். 1200க்குத் திருத்தினால் 292 வருகிறது. கூகுள் ஃபார்மை வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டதில் 312 பதில் சேர்ந்தது. ராண்டம் சாம்பிள் இல்லை என்று ஆசிரியர்கள் திருப்பிவிட்டார்கள். தேவைக்கு மேல் 20 பேர் இருக்கும்போது என்ன குறை? அப்புறம், ‘செல்போனால் தூக்கம் குறைகிறது’ என்று முடிவில் எழுதலாமா?

குலுக்கல்சீட்டு:
292 என்ற கணக்கு ஒரு நிபந்தனையோடு வருகிறது: யாரிடம் கேட்பது என்பதைக் குலுக்கல் தீர்மானித்திருக்க வேண்டும். இங்கே பதில் சொன்னவர்களே தங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ராத்திரி 12 மணிக்கு வாட்ஸ்அப்பில் இருப்பவர் கண்ணில் ஃபார்ம் படும். 10 மணிக்குப் படுத்தவர் காலையில் நூறு மெசேஜுக்கு அடியில் அதைத் தேடமாட்டார். நீங்கள் அளக்க வந்த பழக்கமே ஆளைப் பொறுக்கிவிட்டது. இதே ரகத்தில் இன்னும் நூறு பேரைச் சேர்த்தாலும் சாய்வு சாய்வுதான்.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை, டெலிபோன் டைரக்டரி, கார் பதிவு மாதிரியான பட்டியல்களிலிருந்து சுமார் 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். பட்டியலும் கோணல், சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு தினுசு.

அலுவலகத்தில் முழுப் பெயர்ப்பட்டியலை வாங்குங்கள். விடுதி, வெளி என இரண்டாகப் பிரித்து விடுதியில் 73, வெளியில் 219 எடுங்கள். எக்செல்லில் பெயருக்குப் பக்கத்தில் குலுக்கல் எண் தரும் ராண்ட் (RAND) ஃபங்ஷனைப் போட்டு, காப்பி செய்து, வேல்யூவாக மட்டும் பேஸ்ட் செய்த பிறகே வரிசைப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஷீட்டைத் தொடும்போதெல்லாம் எண் மாறும். யாரை எடுத்தோம் என்பதற்கே சான்று இருக்காது. 1 முதல் 1200க்குள் வரிசை எண் எடுக்க ராண்ட்பிட்வீன் (RANDBETWEEN) வேண்டாம், ஒரே ஆள் இரண்டு முறை வரலாம். ‘ஒவ்வொரு நான்காவது பெயர்’ என்ற குறுக்குவழியும் வேண்டாம்.

தேர்வானவர் வரவில்லை என்றால் பக்கத்து பெஞ்சில் இருப்பவரைப் பிடிக்காதீர்கள். முதல் பீரியடுக்கு வராதவர் பெரும்பாலும் லேட்டாகத் தூங்கியவராகத்தான் இருப்பார். மூன்று முறையாவது வேறு வேறு நேரத்தில் போங்கள். கிடைக்காதவர் எத்தனை பேர் என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

களப்பணி:
நான்காவது பெயர் முறையை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. ஆண், பெண் என்று மாறி மாறி வரும் பட்டியல் என்றால்தான் ஆபத்து. நான்கு நான்காக எண்ணினால் ஒரு பாலினமே கிடைக்கும். முதலில் பெண்கள், பிறகு ஆண்கள் என்று இருந்தால் அந்த முறை இரு தரப்பையும் சரியான விகிதத்தில் கொண்டுவரும். தொடக்கத்தை மட்டும் 1 முதல் 4க்குள் குலுக்கிப் போடுங்கள்.

கேள்வித்தாளையும் பாருங்கள். ‘செல்போனால் உங்கள் தூக்கம் கெடுகிறதா?’ என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், இன்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேளுங்கள். 5–6, 6–7 என்று கட்டம் கொடுத்தால் சரியாக 6 மணி நேரம் தூங்கியவர் எதை டிக் செய்வார்? எண்ணாகவே வாங்கினால் பிறகு வகுத்துக்கொள்ளலாம்; வகுத்து வாங்கியதை எண்ணாக்க முடியாது. எல்லோரிடமும் திங்கட்கிழமையே கேட்டால் கிடைப்பது ஞாயிறு இரவுத் தூக்கம் மட்டும். செல்போன் நேரத்தை நினைவிலிருந்து சொல்லச் சொல்லாமல், செட்டிங்ஸில் போன் காட்டும் கணக்கைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஏ_சீட்டு_பி_சீட்டு:
இரண்டாவது கேள்விக்கு: எழுதக் கூடாது. சாம்பிள் எவ்வளவு ராண்டமாக இருந்தாலும் இது வெறும் கவனிப்புதான். தூக்கம் வராததால் போனை எடுப்பவரும் உண்டு. பரீட்சைக் கவலை இரண்டையும் சேர்த்துக் கூட்டியிருக்கலாம். ஆளைக் குலுக்கி எடுத்தால் முடிவைக் கல்லூரி முழுமைக்கும் பொருத்தலாம். காரணம் சொல்ல வேண்டுமானால், யாருக்கு என்ன செய்வது என்பதையும் குலுக்க வேண்டும்.

விருப்பமுள்ள 40 பேர் போதும். 20 ஏ, 20 பி சீட்டு எழுதிக் குலுக்குங்கள் (நாணயம் சுண்டினால் 25–15 என்றுகூட விழும்). ஏ சீட்டுக்காரர் முதல் வாரம் போனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பார், மறுவாரம் வழக்கம்போல. பி அப்படியே தலைகீழ். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத் தூக்க நேரத்தின் வித்தியாசத்தை எடுங்கள். எல்லோரும் தவறவிடுவது அலாரம்: போன் போனால் அதுவும் போகும், எழும் நேரம் மாறும். இரண்டு வாரமும் தனிக் கடிகாரம் வையுங்கள்.

‘இவனுக்குத்தான் தூக்கம் தேவை’ என்று இரக்கப்பட்டு ஆளை மாற்றாதீர்கள். 1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் சுமார் 20,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பால் சோதனை நடந்தது. பாதிப் பேருக்குப் பால். குழுக்கள் சமமாகத் தெரியாவிட்டால் ஆசிரியர்கள் மாற்றிக்கொள்ள அனுமதி இருந்தது. பால் தரப்படாத பிள்ளைகள் தொடக்கத்திலேயே உயரமும் எடையும் கூடியவர்களாக இருந்தார்கள். ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய காசெட் — சராசரிகளை ஒப்பிடும் டி டெஸ்ட்டைத் தந்தவர்தான் — 1931இல் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். பிப்ரவரியில் குளிருடையோடும் ஜூனில் மெல்லிய உடையோடும் எடை பார்த்ததையும் சேர்த்து.

முதலாண்டு_புள்ளியியல்:
நன்றி. அந்த 312ஐத் தூக்கிப் போடவேண்டியதுதானா?

குலுக்கல்சீட்டு:
முன்னோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வி அதிகம் வெறுமையாக இருக்கிறது, எதற்குக் கன்னாபின்னா விடை வந்திருக்கிறது என்று பார்க்கலாம். தூக்க நேரத்தின் திட்டவிலக்கமும் (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) தோராயமாகக் கிடைக்கும். அது முக்கியம், ஏனென்றால் உங்கள் 385 ‘எத்தனை சதவீதம் பேர்’ என்ற விகிதத்துக்கான சூத்திரத்தில் வந்தது. நீங்கள் தேடுவது சராசரி. திட்டவிலக்கம் 1.2 மணி, பிழை எல்லை 15 நிமிடம் என்றால் 95% நம்பிக்கைக்கான 1.96ஐ 1.2ஆல் பெருக்கி, 0.25ஆல் வகுத்து, வர்க்கம் எடுங்கள்: 89 பேர். விடுதியில் 22, வெளியில் 67.