மறுமொழி: கலெக்‌ஷன் = திரட்டு, ஃபோன் = திரள்?

அன்புள்ள குழுவினருக்கு,

ஆவணக் காப்பகத் துறைச் சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம். கலெக்‌ஷன் (collection), ஃபோன் (fonds, பிரெஞ்சுச் சொல்) இரண்டையும் பற்றி வந்த கேள்விக்கு என் மறுமொழி இது.

> இரண்டுக்கும் "ஆவணத் தொகுப்பு" போதுமே. எதற்குத் தனித்தனிச் சொல்?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஒருவர் தேடித்தேடிப் பழைய அஞ்சலட்டைகளை வாங்கி அடுக்குகிறார். அது கலெக்‌ஷன். அதே ஆள் 40 ஆண்டுகள் வேலை பார்த்ததில் அவரிடம் தங்கிப்போன கடிதங்கள், ரசீதுகள், வரைவுகள், கணக்குக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்து ஃபோன். முன்னதை அவர் சேர்த்தார்; பின்னது தானாகச் சேர்ந்தது. பிரான்சில் 1841-இல் நத்தாலிஸ் த வாயி வகுத்த விதியே இதன்மேல்தான் நிற்கிறது: ஓர் அமைப்பிடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ தனியாளிடமிருந்தோ வந்தவை ஒன்றாகவே இருக்க வேண்டும், பிறருடையவற்றோடு கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் ஒரு கடிதம் எதற்காக எழுதப்பட்டது என்பதைப் பக்கத்துக் காகிதம் சொல்லாது.

பிரெஞ்சுச் சொல்லை அப்படியே எழுதலாம் என்றால், ஃபோன் என்றதும் தொலைபேசிதான் நினைவுக்கு வருகிறது. எழுத்துப்படி ஃபோன்ட்ஸ் என்றால் எழுத்துரு!

தன்வினை, பிறவினை வேறுபாடு நம் கையிலேயே இருக்கிறது. மேகம் திரள்கிறது, நிதி திரட்டுகிறோம். ஆகவே தேடிச் சேர்த்தது ஆவணத்திரட்டு, தானாகச் சேர்ந்தது ஆவணத்திரள். சுருள், சுருட்டு போல. "மக்கள் திரள்" குறுக்கே வருமோ என்ற கவலை எனக்கில்லை, முன்னொட்டு காப்பாற்றிவிடும். பேச்சில் திரட்டும் திரளும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்கும் என்பதுதான் உண்மையான குறை. அட்டவணையில் படிப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

காப்பகத்தில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் விவரப் பட்டியலான ஃபைண்டிங் எய்டுக்குத் "தேடுதுணை" சரி. ஒரிஜினல் ஆர்டருக்கு "இருந்த வரிசை" என்றே வைக்கலாம், ஆவணங்களை உடையவர் வைத்திருந்தபடி என்பதுதானே விஷயம்.

ஆவணங்கள் யாரிடமிருந்து வந்தன என்பதைக் குறிக்கும் புரொவெனன்ஸுக்கு "மூலம்" வேண்டாம். மூல ஆவணம் என்றால் நகல் அல்லாதது என்று படிப்பார்கள். (நோயையும் நினைப்பார்கள், அது வேறு.) "வந்தவழி" அருங்காட்சியகத்துக்குப் பொருந்தும், அங்கே ஒரு பொருள் யார் யார் கைமாறியது என்பதே கேள்வி. ஆவணக் காப்பகத்தில் முதல் கேள்வி, யாருடைய வேலையில் இவை உண்டாயின என்பது. ஒரு திரளில் உள்ள கடிதங்களை எழுதியவர்கள் நூறு பேராக இருக்கலாம், திரள் அவற்றைப் பெற்று வைத்திருந்தவருடையது. இப்போதைக்குத் "தோற்றுவாய்" என்கிறேன், அரை மனத்தோடு.

அப்புறம், அக்செஷன், அதாவது புதிதாக வந்ததைக் காப்பகத்தில் பதிந்து சேர்ப்பது. கணக்கேட்டிலிருந்து "வரவு" எடுக்கலாமா? வரவுப் பதிவேடு, வரவு எண் என்று இயல்பாக விரியும். சேர்த்ததை முறைப்படி நீக்கும் டீஅக்செஷனுக்குச் "செலவு" என்றால்தான் பணம் போனதாகப் படிப்பார்களோ என்று இடிக்கிறது.