நெடுஞ்சாலை பாதிப்பு வரைபடம்: கையிலுள்ள தரவை எவ்வளவு நம்பலாம்?

நிலா_ஜிஐஎஸ்:
வணக்கம். ஒரு நான்குவழிச் சாலை சுற்றியுள்ள காட்டையும் ஓடைகளையும் விலங்குகளையும் எப்படிப் பாதித்திருக்கிறது என்று முதுகலை ஆய்வுக்காக வரைபடம் போடுகிறேன். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள், எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவு, எந்த உயிரினத்தை எங்கே பார்த்தார்கள் என்ற பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்தில் இறக்கிய உயிரினப் பதிவுகள் இருக்கின்றன. பாதிப்பு எல்லையாகச் சாலையின் இருபுறமும் 500 மீட்டர் பஃபர் (ஒரே அகலப் பட்டை) போட்டிருக்கிறேன். வரைபடம் ரொம்ப அழகாக வருகிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது. எதை நம்பலாம்?

பழைய_சர்வேயர்:
பயப்பட வேண்டியதுதான். எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து 11 நாளில் எடுத்தது. உங்கள் சாலை அதற்குப் பிறகு வந்ததென்றால், சாலைக்காகக் கொட்டிய மண்மேடு அதில் கிடையாது. கணினியில் நீங்கள் ஓடவிடும் தண்ணீர் தடையே இல்லாமல் நேராகப் போய்விடும். சரி, புதிதாக, துல்லியமான உயரத் தரவு வாங்கினால்? இப்போது மேடு இருக்கும், அடியில் தண்ணீர் போகிற கல்வெர்ட் (குழாய்ப்பாலம்) இருக்காது. மேலிருந்து பார்க்கிற கருவிக்குக் குழாய் எப்படித் தெரியும்? சாலையோரம் முழுக்கத் தண்ணீர் தேங்குவதாகக் காட்டும். ஒவ்வொரு கல்வெர்ட்டையும் நேரில் போய் ஜிபிஎஸ்ஸில் குறித்து, உயரத் தரவில் அந்த இடத்தில் மட்டும் மேட்டை வெட்டிவிடுங்கள். வாயின் அகலம், மண் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதி அடைத்த குழாய் எந்தச் சாட்டிலைட் படத்திலும் வராது.

அப்புறம் லேண்ட்சாட். படத்தின் ஒரு புள்ளி, அதாவது பிக்சல், தரையில் 30 மீட்டர். காடு இரண்டாகப் பிளந்ததைப் பார்க்க அது போதும், ஓடைக்கரையில் ஒரு வரிசை மரம் போனதைப் பார்க்கப் போதாது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் 10 மீட்டர்தான், ஆனால் 2015-க்கு முன் இல்லை. 'முன்பு' 30 மீட்டரிலும் 'இப்போது' 10 மீட்டரிலும் இருந்தால், வித்தியாசத்தில் சாலையின் வேலை எது, பிக்சலின் வேலை எது என்று பிரிக்கவே முடியாது. இரண்டையும் 30-க்கு இறக்கி ஒப்பிடுங்கள்.

களப்பறவை:
ஜிபிஐஎஃப் பதிவுகளை அப்படியே போடாதீர்கள். பெரும்பாலானவர்கள் வண்டி போகிற இடத்தில்தான் நின்று பார்க்கிறார்கள். சாலை பக்கத்தில் உயிரினங்கள் கூட்டமாக வாழ்வதாக உங்கள் வரைபடம் சொல்லும்! அடிபட்டுச் சாகும் விலங்குக் கணக்கும் அப்படித்தான். தவளை உடல் டயரில் தேய்ந்தோ, காகம் தூக்கிப் போயோ சீக்கிரமே காணாமல் போகும், மான் கிடந்தால் எல்லோரும் எழுதுவார்கள். பழைய சாலையில் சாவு குறைவாக இருந்தால் உடனே நல்ல செய்தி என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் இருந்தவை ஏற்கெனவே முடிந்துபோயிருக்கலாம்.

நிலா_ஜிஐஎஸ்:
ஐயோ. அப்போது பஃபரை என்ன செய்வது?

பழைய_சர்வேயர்:
ஒரே பட்டையை விட்டுவிடுங்கள். டயர் தூளும் எண்ணெயும் மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டு ஓடை வழியே கீழேதான் போகும், மேட்டுப்பக்கம் ஏறாது. ஆகவே அதற்குச் சரிவைப் பார்த்து ஒரு எல்லை. சத்தம் திறந்த வெளியில், தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 3 டெசிபெல்தான் குறையும், 500 மீட்டரில் நின்றுவிடாது. அதற்கு வேறு எல்லை. தனித்தனி லேயராகவே வையுங்கள், கூட்டி ஒரே மதிப்பெண் போட வேண்டாம்.

இன்னொன்று, யாரும் போய்ப் பார்க்காத இடத்துக்குப் பச்சை நிறம் கொடுக்காதீர்கள். சாம்பல் நிறம் கொடுத்து 'தரவு இல்லை' என்று எழுதுங்கள்.

நிலா_ஜிஐஎஸ்:
அப்படிச் செய்தால் பாதி வரைபடம் சாம்பலாகிவிடும் சார். கைடு திட்டுவார்.

பழைய_சர்வேயர்:
திட்டட்டும். அந்தச் சாம்பலைக் காட்டியே கள ஆய்வுக்கு வண்டி கேளுங்கள்.