கோலார் தங்கவயலுக்குப் போன வட ஆர்க்காட்டுக் குடும்பங்கள்: விவரம் வேண்டும்

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து உறவுகளுக்கு வணக்கம். நம் ஊர்களிலிருந்து தங்கவயல் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர்களின் நினைவுகளைத் தொகுத்து வருகிறேன். உங்கள் உதவி தேவை.

அங்கிருந்த சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த வெக்கையில், பாறை வெடிக்கும் பயத்தோடு வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள், அதிலும் நம் மாவட்டத்துத் தலித் மக்கள் நிறையப் பேர். 1902லேயே காவிரிக் கரையில் இருக்கும் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்தது. அது முதலில் போனது சுரங்க வேலைக்கு. தங்கத்தின் கணக்கு எல்லாம் பத்திரமாக இருக்கிறது, தோண்டியவர்களின் கதைதான் சிதறிக் கிடக்கிறது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகும் பல குடும்பங்கள் அங்கேயே இருந்து, தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகின்றன. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு கலந்த மண்மேடுகளின் தூசி இன்னும் அவர்கள் வீட்டுக்குள் வருகிறது.

எனக்கு வேண்டியது: உங்கள் தாத்தா, பாட்டி எந்த ஊரிலிருந்து போனார்கள், எந்த லைன் வீட்டில் (சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருந்தார்கள், திருவிழாவுக்கு ஊர் வந்து போனார்களா. அப்புறம் பழைய சம்பளச் சீட்டு, கடிதம், போட்டோ ஏதாவது இருந்தால் செல்போனில் படமெடுத்து அனுப்புங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். சுரங்கத்தில் இறங்கிய பெரியவர்கள் யாராவது நம் பக்கம் இருந்தால், அவர்கள் சம்மதம் கேட்டுச் சொல்லுங்கள். நானே நேரில் வந்து பேசுகிறேன்.