மோன்தெர்கியில் பார்த்த குவாஷ் ஓவியங்கள்

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பியெரோ தெல்லா பிரான்செஸ்காவின் கர்ப்பிணி மாதா ஓவியத்தைப் பார்க்க, இத்தாலியில் அரெஸ்ஸோவிலிருந்து பஸ் பிடித்து மோன்தெர்கிக்குப் போயிருந்தேன். கர்ப்பிணியாக நிற்கும் மேரி மாதா, இரு பக்கமும் திரையை விலக்கிப் பிடித்த இரண்டு தேவதைகள், அதுதான் ஓவியம். சின்ன ஊர். ஒரு காலத்தில் கல்லறைத் தோட்டத்துக் கோயில் சுவரில் இருந்த ஓவியம் அது. 1911-இல் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். இப்போது பழைய பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றில், இருட்டறையில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

பார்த்துவிட்டு வெளியே வந்தால், மதில் ஓரமாக வயதான ஓவியர் ஒருவர் அட்டையை மடியில் வைத்து அதே ஓவியத்தை நகல் வரைந்துகொண்டிருந்தார். எல்லாமே குவாஷ். நம் பள்ளிக்கூடப் போஸ்டர் கலருக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம்: பிசினில் குழைத்த நிறம், அடியில் உள்ளதை மறைக்கும், காய்ந்தால் பளபளப்பே இருக்காது. தைலவண்ணத்தில் வராத அந்தச் சுண்ணாம்புச் சாயல் இதில் வருகிறது என்றார் அரைகுறை ஆங்கிலத்தில். சுவரில் பூச்சு உதிர்ந்த இடங்களை அவர் நிரப்பவில்லை, வெறும் காகிதமாகவே விட்டிருந்தார்.

அப்புறம் ஒரு காரியம் செய்தார். இடப்பக்கத் தேவதையின் கோட்டுருவத்தை டிரேசிங் தாளில் எடுத்து வைத்திருந்தார். அதைத் திருப்பி வலப்பக்கத் தேவதை மேல் வைத்தார். விரல், திரையைப் பிடித்த கை, பாதம் எல்லாம் அப்படியே பொருந்தின! பியெரோ ஒரே மாதிரித்தாளைத்தான் இரண்டு பக்கமும் திருப்பிப் பயன்படுத்தியிருக்கிறார். நிறத்தை மட்டும் மாற்றிவிட்டார்: ஒருவருக்குப் பச்சை உடுப்பு, சிவப்புக் காலுறை, மற்றவருக்கு நேர்மாறு. அரை மணி நேரம் உள்ளே நின்ற எனக்கு இது கண்ணில் படவே இல்லை.

மறுபடி உள்ளே போனேன். இந்த முறை மாதாவின் முகத்தை விட்டுவிட்டு, உடுப்பின் பிளவில் வைத்த வலக்கையையும் சுற்றியிருக்கும் நீலத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நானும் குவாஷ் வாங்கினேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பாதீர்கள். வெளிர் நிறம் காய்ந்தால் கொஞ்சம் கருக்கும், அடர் நிறம் வெளுக்கும். பியெரோவைப் போல ஈரச் சுண்ணாம்புச் சுவரில் வரைந்தவர்களுக்கும் இதே பாடுதான். இன்றைக்குப் பூசியது காய்ந்து எப்படி வரும் என்று கணக்குப் போட்டுத்தான் நாளைய பகுதிக்கு நிறம் குழைக்க வேண்டும். நான் எப்போதும் ஒரு துண்டுக் காகிதத்தில் பூசிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். பச்சையும் சிவப்பும் ஓரளவு வந்துவிட்டன. அந்த நீலம் இன்னும் வரவில்லை.