லண்டனில் டிரைவர் இல்லாமல் கணினியால் ஓடும் டிஎல்ஆர் (டாக்லாண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயிலில் முன் சீட்டில் உட்கார்ந்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

கிழக்கு லண்டன்காரன்:
பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை, ஆனால் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். ஈரோடு ஷெட்டில் லோகோ பைலட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், கூட்ஸில் தொடங்கி எக்ஸ்பிரஸ் வரை ஓட்டியவர். கிரீனிச் காட்டலாம் என்று பேங்க் ஸ்டேஷனில் ஏறினோம். முன் சீட்டு காலி. அங்கே எதிரே கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம், நடுவில் ஆளே கிடையாது, உங்களுக்குத் தெரிந்ததுதான். சுரங்கத்திலிருந்து ஷாட்வெல் பக்கம் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தபோதும் அப்பா வாயைத் திறக்கவில்லை. வெஸ்ட்ஃபெர்ரியில் ஊழியர் ஒருவர் வந்து, கொஞ்சம் இடம் கொடுக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். அப்பா எழுந்ததும் அந்த ஊழியர் எதிரே இருந்த மூடியைச் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே கைப்பிடி, பொத்தான்கள், எல்லாம் இருக்கிறது! அங்கிருந்து கையாலேயே ஓட்டினார்.

அப்பா அவர் தோளுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேனரி வார்ஃப் கட்டடங்களுக்கு நடுவே வளைந்து போகும்போது கோபுரம், தண்ணீர், எதையும் பார்க்கவில்லை, அந்த ஆளின் இடது கையை மட்டுமே பார்த்துக்கொண்டு இருந்தார். ஹெரான் கீஸ் பிளாட்பாரம் வரும்போது "இப்பப் போடணும்" என்று முணுமுணுத்தார், அவரும் அதே நேரத்தில்தான் பிரேக் போட்டார். மட்ஷூட் வந்ததும் மூடியைப் பூட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, கதவுப் பக்கம் போய்விட்டார். சீட்டு மறுபடி காலி. உட்காருங்கப்பா என்றேன். "நீ உட்காரு" என்று சொல்லிவிட்டு கிரீனிச் வரை நின்றுகொண்டே வந்தார். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

வடமராட்சியான்:
உங்கட அப்பா கதை வாசிச்சதும் என்னுடையதையும் எழுதவேணும் போல இருக்கு. நான் கஸ்டம் ஹவுஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் இரவு வேலை, முடிந்து பெக்டன் வண்டி எடுத்தேன். பெட்டியில் நானும் அந்த டிரெயின் ஆளும் மட்டும்தான். நான் போனில் அம்மாவோடு கதைத்து முடிக்க, அவர் கதவுப் பக்கத்தில் சாவியைப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்து "நீங்கள் வடமராட்சிப் பக்கமோ?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இதில் விசயம் என்னவென்றால், அவர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிளாட்பாரத்தை எட்டிப் பார்த்துக் கதவை மூட வேணும், அப்பத்தான் வண்டி தானாக வெளிக்கிடும். அதனால் எங்கட கதை முழுக்கத் துண்டு துண்டாகத்தான் நடந்தது. பிரின்ஸ் ரீஜண்ட் வரைக்கும் எந்த ஊர். ராயல் ஆல்பர்ட் வரைக்கும் எந்தப் பள்ளிக்கூடம். பெக்டன் பார்க்கில் ஒரு பெடியன் சைக்கிளோடு ஏற வந்ததால் ஒன்றும் கதைக்கவில்லை. சைப்ரஸ் தாண்டினதும் அப்பா என்ன செய்தவர் என்று கேட்டார், நெல்லியடியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் என்றேன். அவர் முகம் மாறினது. "பொறும், அந்த ஆலமரத்துக்குப் பக்கத்துக் கடையோ? உம்மட அப்பாதானே எனக்கு ஒருக்கா..." என்று தொடங்க காலியன்ஸ் ரீச் வந்துவிட்டது. கதவுக்குப் போனார், மூடினார், அதற்கிடையில் வாக்கிடாக்கியில் யாரோ கூப்பிட்டார்கள். பிறகு பெக்டன். வண்டி உடனே திரும்பிப் போக வேணும், அவர் மற்றப் பக்கத்துக்கு ஓடினார். அப்பா இப்போது இல்லை. அவர் அப்பாவைப் பற்றி என்ன சொல்ல வந்தார் என்று கேட்க எனக்கு ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம் போதாமல் போனது. அதற்குப் பிறகு அவரை நான் காணவே இல்லை.

சிக்னல் பைத்தியம்:
நல்ல கதைகள். ஆனால் "ஆளே கிடையாது" என்று எழுதுவதைப் படித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது, மன்னிக்கவும். டிஎல்ஆர் 1987-இல் 11 ரயில்கள், 15 ஸ்டேஷன்களோடு திறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஊழியர் உண்டு. அப்போது டிரெயின் கேப்டன் என்று பெயர், இப்போது பாசஞ்சர் சர்வீஸ் ஏஜென்ட். வேகம், பிரேக், முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி, எல்லாம் கணினி பார்க்கும், மனிதர் கதவைப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஓட்டுவார். மேலே ஒருவர் கேட்காமலே விட்டதற்குப் பதில்: கையால் ஓட்டினால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஓட்டும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று அவர்கள் அவ்வப்போது ஓட்டியே ஆக வேண்டும்.

அப்புறம் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. திறப்பதற்கு முன்பே, 1987 மார்ச்சில், ஐலண்ட் கார்டன்ஸ் மேல்மட்ட ஸ்டேஷனில் ஒரு சோதனை வண்டி முட்டுத்தடையை இடித்துக்கொண்டு போய் பாலத்தின் நுனியில் அந்தரத்தில் தொங்கியது. பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு அதை ஓட்டியது கணினி அல்ல, மனிதர்! இதை எந்தக் கல்யாண வீட்டில் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

என் கதை என்று தனியாக ஒன்றும் இல்லை. லைம்ஹவுஸ் போகும்போது கீழே தெரியும் செங்கல் வளைவுகள் 1840-இல் கட்டின பழைய ரயில் பாதையுடையவை. கப்பல் வேலை 1980-இல் வெஸ்ட் இந்தியா டாக்ஸ் துறைமுகத்தை மூடியதோடு அங்கே முடிந்துபோனது, அந்த வளைவுகளும் சும்மா கிடந்தன. அந்த வளைவுப் பாலம் ஏற்கெனவே இருந்ததால்தான் டிஎல்ஆரின் 77 மில்லியன் பவுண்டில் முதல் கட்டத்தை முடிக்க முடிந்தது. நான் அந்தப் பக்கம் போனால் ரயிலில் ஏறுவதைவிடக் கீழே நின்று செங்கல்லைப் பார்ப்பதுதான் அதிகம்.

கோபே ரிட்டர்ன்:
சிக்னல் சார் சொல்வது சரி, ஆனால் நிஜமாகவே ஆளில்லாத துறைமுக ரயில் வேண்டுமென்றால் ஜப்பானில் கோபே போக வேண்டும். போர்ட் லைனர், 1981 பிப்ரவரி, லண்டனுக்கு ஆறு வருடம் முன்னால். சன்னோமியாவிலிருந்து கடலை நிரப்பிக் கட்டின போர்ட் ஐலண்டுக்குப் போகும், 2006-இல் விமான நிலையம் வரை நீட்டினார்கள். ரப்பர் டயர், கான்கிரீட் பாதை, பிளாட்பாரம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். 1995 நிலநடுக்கத்தில் பாதை சிதைந்து, முழுதாக ஓட ஜூலை கடைசி ஆகிவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு பையனைப் பற்றி. ஐந்து வயது இருக்கும், பாட்டியோடு முன் சீட்டில். கையில் வெள்ளைக் கையுறை, குழந்தை சைஸ். ஜப்பான் டிரைவர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்வார்கள் இல்லையா, அதை அப்படியே செய்துகொண்டு வந்தான். பாலம் ஏறும்போது முதுகை நிமிர்த்தி, விரலை நீட்டி, "புறப்படலாம்!" என்று கத்தினான். ஒரு ஸ்டேஷனில் அவன் சொல்வதற்கு முன்பே வண்டி கிளம்பிவிட்டது. பையன் முகம் சுருங்கிப் போய்விட்டது. பாட்டி குனிந்து ஏதோ சொன்னார், அடுத்த ஸ்டேஷனில் கதவு மணி அடிக்க ஆரம்பித்த உடனேயே, நேரத்தோடு சொல்லிவிட்டான். பெட்டியில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆபீஸ் பை வைத்திருந்த ஒருவர் மட்டும் அவனுக்குத் தலையாட்டினார்.

லூயிஷம் மாமி:
எல்லாரும் கதை சொல்கிறீர்கள், உபயோகமாக யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. நான் லூயிஷம் சிவன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் டிஎல்ஆரில் வருகிற ஆள். ஊரிலிருந்து பெரியவர்களைக் கூட்டி வருகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். கட்டி சார்க் ஸ்டேஷன் (கிரீனிச்சில் அந்தப் பழைய கப்பலைப் பார்க்க இறங்கும் இடம்) பூமிக்கு அடியில், பிளாட்பாரம் குட்டை, வண்டி நீளம். முன்னாலும் பின்னாலும் சில கதவுகள் திறக்கவே திறக்காது. அறிவிப்பு செய்வார்கள், ஆனால் நம்மவர்கள் பேச்சு சுவாரஸ்யத்தில் எங்கே கேட்கிறார்கள். முன் சீட்டு ஆசையில் உட்கார்ந்திருந்தால் ஐலண்ட் கார்டன்ஸிலேயே இறங்கி நடுப் பெட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேசாமல் கிரீனிச்சில் இறங்கி நடந்து வாருங்கள், ஒன்றும் தூரமில்லை.

அடுத்தது டிக்கெட் கார்டு. பெரும்பாலான ஸ்டேஷன்களில் கேட் கிடையாது, கம்பத்தில் ஒரு மஞ்சள் வட்டம்தான். கேட் இல்லை என்றால் இலவசம் இல்லை! ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும், விட்டால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். ஒருவர் கார்டை இரண்டு பேருக்குத் தட்டுவதெல்லாம் நடக்காது. முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்ல செய்தி, எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்டோ சாய்தளமோ உண்டு, வண்டியும் பிளாட்பாரமும் ஒரே மட்டம், தள்ளுவண்டிக் குழந்தையை அப்படியே உருட்டலாம். பேங்கில் மட்டும் நடை ஜாஸ்தி, டவர் கேட்வேயில் இறங்கினால் உத்தமம்.

என் அனுபவம்: ஒரு தடவை தேங்காய் பையிலிருந்து உருண்டு பெட்டி முழுக்க ஓடியது, டிரெயின் ஆள் காலால் நிறுத்திக் கொடுத்தார். அவ்வளவுதான்.

சிக்னல் பைத்தியம்:
மாமி, டவர் கேட்வேயிலிருந்து லூயிஷத்துக்கு நேர் வண்டி கிடையாது, அது பெக்டன் தடம். லைம்ஹவுஸிலோ ஷாட்வெல்லிலோ மாற வேண்டும். முழங்கால் வலிக்காரரை இப்படி அலைய விடாதீர்கள்.

லூயிஷம் மாமி:
மாறினால் என்ன தம்பி, அதே பிளாட்பாரத்தில்தானே அடுத்த வண்டி வரும்? பேங்கில் நடக்கும் நடையை நீ என் முழங்காலை வைத்துக்கொண்டு நடந்து பார். செங்கல் பார்க்க நேரம் இருக்கிறவர் அந்த நெல்லியடிப் பையன் தேடும் ஆள் யார் என்று விசாரிக்கலாமே.

போரூர் பாய்ஸ்:
இங்கே சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கும் டிரைவர் இல்லாத ரயில்தான். முன்னால் கண்ணாடி சீட்டு கிடைத்தால் நான் தினமும் ஆபீஸுக்கு லேட்.

வடமராட்சியான்:
மாமி, நன்றி. ஆளுக்கு ஐம்பது வயது மதிக்கலாம், நரைத்த மீசை, கண்ணாடி. இரவு பெக்டன் தடத்தில் வேலை செய்தவர். தெரிந்தவர்கள் இருந்தால் நெல்லியடி சைக்கிள் கடைக்காரரின் மகன் தேடுகிறான் என்று மட்டும் சொல்லிவிடுங்கோ.