டிஸ்க் வலிக்கும் எதிர்ப்பு சக்திக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: எம்ஆர்ஐயில் கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. நரம்பு நசுங்குவதால்தான் வலி என்று நினைத்தேன், டாக்டரோ எதிர்ப்பு சக்தியும் காரணம் என்கிறார். புரியவில்லை, யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1: டிஸ்க் நடுவில் இருக்கும் ஜெல்லுக்கு ரத்தக்குழாயே கிடையாது, அதனால் எதிர்ப்பு செல்களுக்கு அது அறிமுகமில்லாத சரக்கு, வெளி வளையம் கிழிந்து வெளியே வந்ததும் அந்நியன் என்று பாய்கின்றன, டிஎன்எஃப்-ஆல்பா போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் சுரந்து பக்கத்து நரம்பில் அழற்சி வருகிறது. பெரிதாக நசுங்காமலே கால்வரை சுளீரென்று இழுப்பதற்கு இதுவும் காரணம்.

பதில் 2: அப்புறம், அதே கும்பலில் வரும் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள்தான் பிதுங்கியதைத் தின்று கரைக்கவும் செய்கின்றன. பிய்ந்து தனியாக வந்த துண்டுதான் அதிகம் கரையுமாம், வேடிக்கைதான்!

பதில் 3: சரி, ஆனால் சிறுநீர் அடைத்தாலோ கால் பலமிழந்தாலோ கரையட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.